கொன்றை மரமும் வலைப்பெட்டியும்: வெள்ளவத்தையில் ஒரு வண்ணத்துப்பூச்சிப் பருவம்

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில் உள்ள தொடர்மாடியில், ஒரு ஒக்டோபர், நொவெம்பர் பருவத்தில் நடந்தவற்றை இங்கே பதிகிறேன். நான்காம் மாடியில் ஓய்வுபெற்ற விஞ்ஞான ரீச்சர் ஒருவர் மகள் குடும்பத்தோடு இருக்கிறார். நான் அவரிடம் படித்தவன், அடுத்த ஒழுங்கைக்காரன். கொழும்பில் பல்கனியில் வண்ணத்துப்பூச்சி வளர்க்க வெளிக்கிடுகிறவர்களுக்குக் கிடைக்கிற வழிகாட்டிகள் பெரும்பாலும் வட அமெரிக்கக்காரர் எழுதியவை. அங்கே அவை சரி. அவற்றில் எது இங்கே ஒத்துவரும், எது வராது என்று பார்க்க இந்த வீடு நல்ல உதாரணம்.

தொடக்கம் ரொறன்ரோவில். ரீச்சரின் தங்கை ஸ்காபரோவில் இருக்கிறார். பின்வளவில் மில்க்வீட் செடி நட்டு, அதில் மொனார்க் வண்ணத்துப்பூச்சி இடுகிற முட்டைகளை உள்ளே எடுத்து வளர்த்து, செப்டெம்பரில் மெக்சிக்கோவுக்கு வழியனுப்புவது அவருடைய வருடாந்தக் கொண்டாட்டம். வட்ஸ்அப்பில் வந்த வீடியோக்களைப் பார்த்த பேத்திக்கு ஆசை பிடித்துக்கொண்டது. "அம்மம்மா, நாங்களும் வளர்த்து அனுப்புவம்."

எங்கே அனுப்புவது?

இலையுதிர்காலம் இல்லாத ஊர்

கனடாவில் அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் உண்டு. கோடையில் பிறக்கிற மொனார்க்குகள் சில கிழமைகளே வாழும். கடைசித் தலைமுறை அப்படியில்லை. பகல் குறுகுவது, இரவு குளிர்வது, மில்க்வீட் இலை முற்றுவது எல்லாம் சேர்ந்து அதன் உடம்பை மாற்றிவிடும். இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போட்டு, கொழுப்பைச் சேர்த்து, ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் பறந்து மெக்சிக்கோவின் மலைக்காடுகளில் மாரியைக் கழிக்கும். எட்டு மாதம் வரை உயிரோடிருக்கும். அந்த மாரிக்காலக் காடுகள் வெளியுலக ஆய்வாளர்களுக்குத் தெரியவந்ததே 1975இல்தான். சூரியனைத் திசைகாட்டியாக வைத்துத் தெற்கே போகிற அந்தப் பழக்கத்துக்கு முதல் சைகை கொடுப்பது சுருங்கிக்கொண்டு வருகிற பகல்.

கொழும்பில் அந்தச் சைகை இல்லை. ரொறன்ரோவில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் இடையில் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம். கொழும்பில் ஒரு மணித்தியாலம்கூட வராது. இங்கே பூச்சிகளுக்கு நாட்காட்டி மழைதான். தென்மேற்குப் பருவமழை செப்டெம்பரோடு ஓய, டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை பிடிக்கும்வரை இடைப்பருவம். காலையில் நல்ல வெயில், பின்னேரம் இடியோடு மழை. வெட்டிவிட்ட மரமெல்லாம் கொழுந்து விடுகிற காலம். கொழுந்து இருக்கிற இடத்தில் முட்டை, முட்டைக்குப் பின்னால் புழு. இலங்கையில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக இடம்பெயர்வதைப் பார்க்கக்கூடிய இரண்டு பருவங்களில் ஒன்று இந்த வருடக் கடைசிப் பருவம். மற்றது மார்ச், ஏப்ரலை ஒட்டி வருவது. அப்போதுதான் சிங்கள அயலவர்கள், இவை சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், மைல் கணக்கான அகலத்தில், மணித்தியாலக் கணக்காக, சிலவேளை நாட்கணக்காக ஓயாமல் போகும் வண்ணத்துப்பூச்சி ஊர்வலங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். 1920களில் சி. பி. வில்லியம்ஸ் என்ற பூச்சியியலாளர் தென்னிந்தியா, இலங்கை இடப்பெயர்வுப் பதிவுகளைத் திரட்டி ஆராய்ந்தார். ஆக, அனுப்புவதற்கு இங்கேயும் ஒரு பயணம் இருக்கிறது. ரீச்சரின் பல்கனிப் பெட்டிக்கும் அந்தப் பயணத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதில்தான் வில்லங்கம்.

கறிவேப்பிலையில் தொடங்கியது

பல்கனியில் ஏற்கெனவே கறிவேப்பிலையும் தேசியும் சாடியில் நின்றன. மழை பெய்து கொழுந்து விட்ட கிழமையே கொமன் மோர்மன் என்கிற கறுப்பு வண்ணத்துப்பூச்சி வந்து முட்டையிட்டது. கொழுந்தின் ஓரத்தில், ஒன்றொன்றாக, வெளிர் மஞ்சள் உருண்டைகள். நான்கு நாளுக்குள் புழு. பொரித்ததும் முதலில் முட்டைக் கோதைத்தான் தின்னும். பிறகு கபிலமும் வெள்ளையுமாக, ஈரப் பளபளப்போடு, அப்படியே குருவி எச்சம். ரீச்சரின் மகள் உண்மையிலேயே எச்சம் என்று நினைத்து ஈரத்துணியால் துடைக்கப் போனார். கடைசித் தோலுரிப்போடுதான் பச்சை நிறம் வரும். தோளில் பொய்க் கண்கள், பக்கவாட்டில் கபிலக் கோடு. விரலால் தட்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கவைக்கொம்பு ஒன்று பிதுங்கும். அழுகின தோடம்பழம் போல மூக்கைத் துளைக்கும். எறும்பையும் சிறு பூச்சிகளையும் விரட்டுவதற்கான ஆயுதம் அது. பேத்தி நாளுக்குப் பத்துத் தரம் தட்டிப் பார்த்ததில் புழுக்களுக்கு வெறுத்திருக்கும்.

தங்கையின் அறிவுரைப்படி புழுக்களைச் செடியிலிருந்து எடுத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, வெட்டிய கிளையைத் தண்ணீர்ப் போத்தலில் சொருகி வளர்த்தார்கள். ஸ்காபரோவின் வரண்ட அறைக்குள் அந்த முறை ஓடும். வெள்ளவத்தையின் நொவெம்பரில் பெட்டிச் சுவரில் வியர்வை பிடித்தது. புழுக்களின் எச்சத்தில் இரண்டாம் நாளே வெள்ளைப் பூஞ்சணம். போத்தல் கழுத்து இடைவெளியால் இறங்கிச் சில புழுக்கள் தண்ணீரில் செத்தன. தண்ணீரை நாளாந்தம் மாற்றாத ஒரு போத்தலில் நுளம்புக் குடம்பி நெளிந்தது. இது சிரிக்கிற விஷயமில்லை. 2017இல் நாடு முழுக்க 1,86,000க்கும் மேற்பட்ட டெங்குச் சந்தேக நோயாளர்கள் பதிவானார்கள். வருடத்தின் இரண்டாவது டெங்கு உச்சம் வருவது, வண்ணத்துப்பூச்சி பெருகுகிற இதே மழையோடுதான். பூச்சாடித் தட்டில் தேங்கிய தண்ணீருக்கே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குப் போடலாம். புழு வளர்த்தோம் என்ற விளக்கம் நீதிமன்றத்தில் எடுபடாது.

பெரிய சாவு அதற்குப் பிறகு வந்தது. கடைசித் தோலுரிப்பு முடிந்த புழு தின்கிற தீனி கொஞ்சநஞ்சமில்லை. சாடிச் செடி இரண்டு நாளில் மொட்டை. மருமகன் சந்தையிலிருந்து கறிவேப்பிலைக் கட்டொன்று வாங்கி வந்து, நன்றாகக் கழுவி, போட்டுவிட்டு வேலைக்குப் போனார். பின்னேரம் புழுக்கள் பச்சைத் தண்ணியைக் கக்கி, உடம்பு முறுகி, பெட்டியின் அடியில் கிடந்தன.

"அம்மம்மா, இது ஏன் இப்பிடி நெளியுது?"

ரீச்சர் ஒரு இலையை எடுத்து என்னிடம் நீட்டினார். "தம்பி, வருத்தம் இப்பிடி ஒரே நாளில எல்லாத்தையும் படுக்கப் போடாது. உது மருந்தடிச்ச இலை."

அவர் சொன்னதுதான் சரி. சாவின் கோலத்தைப் பார்த்தே காரணத்தை ஓரளவு பிரித்தறியலாம். இதைச் சரியாகச் செய்கிறவர் குறைவு, எல்லாவற்றையும் "வைரஸ்" என்று முடித்துவிடுவார்கள். பூச்சிகொல்லி என்றால் கக்கல், வலிப்பு, ஒரே நேரத்தில் பல புழுக்கள் விழுவது. நுளம்புச் சுருளும் நுளம்பு விரட்டித் திரவமும் இதே வேலையைத்தான் மெதுவாகச் செய்யும். புழு உள்ள அறையில் அவற்றைக் கொளுத்தவே கூடாது. கிருமி நோய் என்றால் புழு கறுத்து, தளர்ந்து, தோல் பை மாதிரித் தொங்கும். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பரவும். நெருக்கமும் ஈரமும் அதற்குத் தோதான இடம். மூன்றாவது வகைதான் பார்க்கக் கொடுமை. நன்றாகத் தின்று கொழுத்த புழு, அல்லது கூட்டுப்புழு, திடீரென்று அசைவின்றிப் போகும். அதைத் துளைத்துக்கொண்டு வெள்ளைப் புழுவொன்று வெளியே வந்து, அடியில் விழுந்து, கபில நிற நெல்மணி போலச் சுருளும். அது டக்கினிட் என்கிற ஒட்டுண்ணி ஈயின் பிள்ளை. கூட்டுப்புழுவில் ஊசிக்குத்து மாதிரி ஓட்டைகள் இருந்தால் அது சிறு குளவி. கூடு கட்டி முடித்து ஓடு இறுகுமுன், மெத்தென்றிருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் குளவி வந்து முட்டையைச் செருகிவிடும். முட்டைக்குள்ளேயே முட்டையிடும் குளவிகளும் உண்டு. அவை அரை மில்லிமீற்றர் அளவு. நுளம்பு வலைக்கண் அவற்றுக்குத் திறந்த வாசல்.

இந்த வீட்டில் மூன்றும் நடந்தன. மருந்தடித்த இலை செய்ததுதான் அதிகம்.

மாற்றியவை சின்ன விஷயங்கள். பிளாஸ்டிக் பெட்டி போய், கம்பிச் சட்டத்தில் நுளம்பு வலை கட்டிய கூடு வந்தது. வெட்டிய கிளைக்குப் பதிலாகச் சாடியோடு முழுச் செடியையே வலைக்குள் இறக்கினார்கள். அதனால் போத்தலும் இல்லை, தண்ணீரும் இல்லை. புழுக்களின் எண்ணிக்கையைச் செடி தாங்குகிற அளவுக்குக் குறைத்து, மிச்சத்தை கீழ் வளவுத் தேசி மரத்திலேயே விட்டார்கள். அடியில் பத்திரிகைத் தாள், காலையில் மாற்றுவது பேத்தியின் வேலை. டெங்குப் புகை அடிக்க வருகிற நாளில் கூட்டை உள்ளறைக்கு எடுத்து, கதவிடுக்கில் ஈரத்துவாய். புகை நுளம்பென்றும் வண்ணத்துப்பூச்சியென்றும் பிரித்துப் பார்க்காது.

ஒரே செடி, இரண்டு கோலம்

கூடு கட்டுமுன் புழு ஒருமுறை தண்ணீராகக் கழியும். பிறகு தின்னாமல் அலையும். புதிதாக வளர்க்கிறவர்கள் வருத்தம் என்று பயப்படுவது இந்த இடத்தில்தான். ஒரு குச்சியைத் தெரிந்தெடுத்து, வாலடியைப் பட்டுப் பொட்டில் கொளுவி, இடுப்பைச் சுற்றி ஒரு நூல் போட்டு, தென்னையில் ஏறுகிறவர் மாதிரிச் சாய்ந்து நிற்கும். அடுத்த நாள் தோல் கழன்று கூட்டுப்புழு. பச்சைத் தண்டில் நின்றது பச்சையாகவும், காய்ந்த குச்சியில் நின்றது கபிலமாகவும் வந்தன.

பழைய பிளாஸ்டிக் பெட்டியின் சுவரில் கட்டிய ஒரு கூட்டிலிருந்து வெளிவந்தது வழுக்கி விழுந்து, செட்டை சுருங்கியபடியே காய்ந்துவிட்டது. வெளியே வந்ததும் பிடித்துத் தொங்கச் சொரசொரப்பான இடம் வேண்டும். தொங்கினால்தான் உடம்புத் திரவம் செட்டை நரம்புகளுக்குள் இறங்கும். பத்து, இருபது நிமிடத்தில் செட்டை விரியும். பறக்குமளவுக்கு உரமேற மேலும் சில மணித்தியாலம். இடையில் சிவந்த கழிவுத் துளியொன்றை விடும், அது இரத்தம் இல்லை. விடிகாலையில் வெளிவந்ததை மழைக்கு முன் விட்டுவிடலாம். பின்னேரம் வந்தது இரவு வலைக்கூட்டுக்குள்ளேயே தங்கும், பசிக்காது.

ஒரே கிழமையில் வந்த இரண்டு பெட்டைகளைப் பார்த்துப் பேத்தி குழம்பினாள். ஒன்று ஆண் மாதிரியே கறுப்பு, பின்செட்டையில் வெள்ளைப் புள்ளிப் பட்டை. மற்றது சிவப்புப் புள்ளிகளோடு வேறொரு இனம் மாதிரி. "மாறி வந்திட்டுது!" என்று கத்தினாள். மாறவில்லை. கொமன் மோர்மன் பெட்டை இலங்கையில் மூன்று கோலத்தில் வரும். ஒன்று ஆணைப் போல. மற்ற இரண்டும், பறவைகள் தின்னப் பயப்படுகிற கிரிம்சன் ரோஸ், கொமன் ரோஸ் என்ற இரண்டு நஞ்சு வண்ணத்துப்பூச்சிகளின் வேஷம். அந்த வேஷத்தை டபிள்செக்ஸ் என்ற ஒற்றை மரபணு தீர்மானிக்கிறது என்று 2014இல் கண்டறிந்தார்கள். அந்தக் கிரிம்சன் ரோஸ் ஆடுதீண்டாப்பாளைக் குடும்பக் கொடிகளில் வளர்வது. கூட்டம் கூட்டமாக இடம்பெயரக்கூடியதும் அதுதான். அதன் வேஷத்தைப் போட்ட மோர்மனோ வெள்ளவத்தைத் தேசி மரங்களைச் சுற்றியே சீவியத்தை முடிக்கும். வேஷத்தோடு பயணம் வருவதில்லை.

பேத்தி "அனுப்பிய" முதல் வண்ணத்துப்பூச்சி எதிர் பல்கனிச் செவ்வரத்தைக்குப் போய்ச் சேர்ந்தது.

எருக்கலை விவகாரம்

தங்கையின் யோசனை இது: மொனார்க்கின் சொந்தக்காரர் யாராவது இலங்கையில் இல்லையா? இருக்கிறார். பிளேன் டைகர் அதே டானாஸ் பேரினம். மில்க்வீட்டும் நம் எருக்கலையும் ஒரே குடும்பச் செடிகள். இரண்டிலும் பால், பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. அதைத் தின்று சேமித்துத்தான் புழு பறவைகளிடமிருந்து தப்புகிறது. புழுவும் மொனார்க்கின் சாயல்தான், வரிவரியாக. ஆனால் முதுகுக் கொடுக்குகள் பிளேன் டைகருக்கு மூன்று சோடி, மொனார்க்குக்கு இரண்டு.

ரீச்சர் சாடியில் எருக்கலை வைத்த அன்றே மேல்மாடி மாமி இறங்கி வந்துவிட்டார். "ரீச்சர், எருக்கு வீட்டுக்கு ஆகாதெண்டு உங்களுக்குத் தெரியாதே? எருக்கு முளைக்கட்டும் எண்டு சாபம் போடுறது இதைத்தானே." பிள்ளையாருக்கு எருக்கம் பூ மாலை போடுகிறோமே என்று ரீச்சர் வாதாடினார். அது கோயிலுக்கு, இது வீட்டுக்கு என்று மாமி. விஞ்ஞானம் இந்த இடத்தில் தோற்றது, சரியென்றே சொல்வேன். எருக்கலைப் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கும். சின்னப் பிள்ளை உள்ள பல்கனியில் அது தேவையில்லை. சாடி கீழ் வளவு மதில் மூலைக்குப் போனது. அங்கேயே புழுக்கள் வந்தன, வளர்ந்தன, யாரும் தொடவில்லை. அந்தப் பருவத்தில் ஆகக் குறைந்த சாவு அந்தச் செடியில்தான் என்று ரீச்சரின் கொப்பியில் இருக்கிறது.

அதே வளவில் பழைய அலரி ஒன்று. அதில் கொமன் குறோ என்கிற வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். கூட்டுப்புழு ஒவ்வொன்றும் முகம் தெரிகிற அளவுக்கு வெள்ளிப் பளபளப்பு. மாமி இதைப் பார்க்க மட்டும் தினமும் வந்தார்.

மொட்டைமாடியிலிருந்து

நொவெம்பர் முதற்பாதியில், ராத்திரி மழை விட்ட ஒரு காலை, வெளிர் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் கூரைகளுக்கு மேலால் போகத் தொடங்கின. எமிகிரன்ட் வகை. பல்கனியின் பூக்களை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இதுதான் இடப்பெயர்வுக்கும் சும்மா திரிவதற்கும் உள்ள முதல் வித்தியாசம். தேன் தேடுகிறது வளைந்து நெளிந்து வரும், நிற்கும், திரும்பும். இடம்பெயர்கிறது ஒரே உயரத்தில், ஒரே திசையில் போகும். கட்டடம் குறுக்கிட்டால் சுற்றிப் போகாமல் சுவரோடு ஏறி, மேலால் தாண்டி, மறுபக்கம் பழைய உயரத்துக்கு இறங்கும். எட்டு மாடிக் கட்டடத்தையே அப்படி ஏறிக் கடந்ததைப் பார்த்தோம். வெயிலை முகில் மூடினால் நின்றுபோகும், திறந்தால் மறுபடி.

எண்ணுகிற முறை பழையது, செலவில்லாதது. மொட்டைமாடியில் இரண்டு அடையாளங்களை எடுக்க வேண்டும். இங்கே தண்ணீர்த் தாங்கி ஒன்று, எதிர்க் கட்டட அன்டனா ஒன்று. அவற்றுக்கிடையே ஒரு கோடு இருப்பதாக நினைத்து, ஐந்து நிமிடத்தில் கோட்டை இந்தப் பக்கம் தாண்டியவை எத்தனை, அந்தப் பக்கம் எத்தனை என்று எழுத வேண்டும். இரண்டும் கிட்டத்தட்டச் சமம் என்றால் அது உள்ளூர் நடமாட்டம். ஒரு பக்கம் பன்மடங்கு என்றால் பயணம். கூடவே நேரம், காற்றுத் திசை, வெயிலா முகிலா. வண்ணத்துப்பூச்சியைப் பிடிக்கவோ அடையாளம் ஒட்டவோ வேண்டியதில்லை. பேத்திக்கு முதலில் இது சலிப்பு. பிறகு அவளுடைய எண்ணிக்கைக்கும் அப்பாவுடையதுக்கும் பொருத்தம் பார்ப்பது போட்டியாகிவிட்டது.

இந்த நாட்களில் கூட வருகிற இன்னொன்றையும் கொப்பியில் எழுதச் சொன்னேன்: கூட்டமாக மிதக்கிற மஞ்சள் தும்பி. ஒக்டோபர் தொடங்கி இந்தத் தும்பிகள் மாலைதீவில் பெருந்தொகையாக வந்திறங்குவதைப் பார்த்து, அவை இந்தியப் பக்கமிருந்து கடலைக் கடந்து கிழக்கு ஆபிரிக்கா வரை போகின்றன என்று சாள்ஸ் அண்டர்சன் 2009இல் எழுதினார். அந்தக் கணக்கும் ஒருவர் தன் வாசலில் நின்று வருடா வருடம் குறித்ததில் தொடங்கியதுதான்.

நீல வரிப்புலி என்கிற வண்ணத்துப்பூச்சிகளும் கொமன் குறோக்களும் வேறு விதமாகக் கிடைத்தன. கிலுகிலுப்பைச் செடியைப் பிடுங்கி, வாடவிட்டுப் பல்கனிக் கம்பியில் கட்டினால் அவை தேடி வந்து அப்பும், பெரும்பாலும் ஆண்கள். அந்த வாடிய தண்டிலுள்ள அல்கலொயிட் என்ற தாவர இரசாயனத்தை உறிஞ்சித்தான் பெட்டையைக் கவரும் வாசனையைத் தயாரிக்கின்றன. பயணத்தின் நடுவிலும் இதற்கு மட்டும் நேரம் ஒதுக்குகின்றன. பூச்சாடி வைத்து ஏங்கிய வீட்டுக்கு, காய்ந்த சருகு இழுத்து வந்த கூட்டம் நல்ல பாடமாக இருந்தது.

கொன்றை மொட்டையானபோது

அந்த மஞ்சள் எமிகிரன்ட்டுகள் எங்கே பிறந்தன? பல்கனியில் இல்லை. அவை கறிவேப்பிலையைச் சீண்டாது. கொன்றை, ஆவரசு, தகரை, வண்டுகொல்லி வகையறாதான் வேண்டும். ஒழுங்கை முடிவில், தொடர்மாடி வாகனத் தரிப்பிடத்தில், ஒரு கொன்றை நிற்கிறது. சிங்களத்தில் எஹெல. ஒக்டோபர் மழைக்கு அது விட்ட கொழுந்தில் லெமன் எமிகிரன்ட் முட்டையிட்டிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது மரம் பாதி மொட்டை. பச்சைப் புழுக்கள், பக்கவாட்டில் கறுப்புப் புள்ளி வரிசை, அதன் கீழ் வெளிர் கோடு. காற்றடித்தால் எச்சம் மழை மாதிரிக் கொட்டும்.

நிர்வாகக் குழுவுக்கு முறைப்பாடு போனது. மயிர்க்கொட்டி, பிள்ளைகளுக்குக் கடிக்கும், மரத்துக்கு மருந்தடிக்க வேண்டும், முடிந்தால் தறித்துவிட வேண்டும். மருந்தடிக்கிறவருக்குச் சொல்லியும் ஆயிற்று. கூட்டத்துக்கு ரீச்சர் ஒரு புழுவோடு போனார். எல்லாருக்கும் முன்னால் அதை உள்ளங்கையில் விட்டு, முழங்கை வரை ஊரவிட்டார். "இதில மயிர் எங்கை இருக்கு? கொட்டுறது எங்கை இருக்கு? ஆராவது காட்டுங்கோ." பிறகு கணக்குச் சொன்னார். முட்டையிலிருந்து பறக்கும்வரை மூன்று, நான்கு கிழமை. இவை கடைசித் தோலுரிப்பு முடிந்த புழுக்கள், ஒரு கிழமைக்குள் தின்பதை நிறுத்தும். கொன்றை மறுபடி கொழுந்து விடும். மருந்தடித்தால் கீழே விளையாடுகிற பிள்ளைகளின் தலையில்தான் கொட்டும். குழு இரண்டு கிழமை அவகாசம் கொடுத்தது. செண்பகங்கள் அதற்குள் நல்ல பங்கைத் தின்று தீர்த்தன. அப்படியிருந்தும் மதில், கம்பி வேலி, மின்மானிப் பெட்டியின் அடி எங்கும் பச்சைக் கூட்டுப்புழுக்கள். பிறகு சில காலைகளில் தரிப்பிடம் முழுக்க மஞ்சள். கொன்றையில் தின்ன எதுவும் மிச்சமில்லாத நிலையில் அவை கூரைக்கு மேலே எழும்பி, அந்தக் கிழமை போய்க்கொண்டிருந்தவற்றோடு கலந்தன.

எமிகிரன்ட் இடப்பெயர்வின் இயக்கம் இதில் தெரிகிறது. மழை, கொழுந்து, புழுப்பெருக்கம், இலை முடிவது, பறப்பது. ஒரு கொன்றை ஒரு பருவத்தில் வெளிவிட்டதை, அந்த வலைக்கூடு பல வருடத்திலும் வெளிவிடாது. அதனால் ரீச்சருக்கும் எனக்கும் இப்போது ஒரே அபிப்பிராயம்: கூடு பார்ப்பதற்கு, வளர்ப்பதற்கு மரம்.

இதை எதிர்ப்பவர்கள் உண்டு. இயற்கையில் நூறு முட்டையில் ஒன்றிரண்டுதான் தப்பும், வீட்டில் பெரும்பாலானதைக் காப்பாற்றலாமே என்பார்கள். அந்தக் கணக்குக்குப் பதில் மொனார்க் ஆய்வுகளிலேயே இருக்கிறது. வியாபாரத்துக்குப் பல தலைமுறை வளர்த்த மொனார்க்குகள் தெற்கு நோக்கும் பழக்கத்தை இழந்திருந்தன என்றும், காட்டு மொனார்க்கின் பிள்ளைகளைக்கூட வீட்டுக்குள் வளர்த்தால் திசை தவறியது என்றும் 2019இல் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அடைத்து வளர்த்தவற்றுக்குப் பிடிமானம் பலவீனம், செட்டை நிறம் மங்கல் என்று அடுத்த வருடம் வேறொரு ஆய்வு. 2021இல் கனடிய ஆய்வொன்று, வெளியே விட்டபின் சில நாட்களில் பல மொனார்க்குகள் திசையைப் பிடித்துக்கொண்டன என்று கண்டது. தங்கைக்கு இது ஆறுதல். முடிவாகக் கொள்ளக்கூடியது, வீட்டில் வளர்க்கலாம், ஆனால் கொஞ்சமாக, வெளிக்காற்றும் வெளிவெளிச்சமும் படுகிற இடத்தில், விலைக்கு வாங்காமல். எமிகிரன்ட்டில் இப்படி யாரும் சோதிக்காவிட்டாலும், நெருக்கமும் நோயும் எந்தப் புழுவுக்கும் பொதுதான்.

காட்டிலிருந்து கொண்டுவந்து வளர்க்கிற யோசனை வேண்டவே வேண்டாம். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சில வண்ணத்துப்பூச்சிகளையும் காக்கிறது. யால தேசிய பூங்காவில் பூச்சிகளைச் சேகரித்து வைத்திருந்த வெளிநாட்டவர் இருவருக்கு 2024இல் 60 மில்லியன் ரூபா அபராதம் விழுந்தது. காட்டைப் பார்க்க ஆசையென்றால் பத்தரமுல்லைப் பக்கம் பஸ் ஏறி, பெத்தகான ஈரநிலப் பூங்காவிலோ தியசரு பூங்காவிலோ ஒரு காலை நடந்தால் போதும். 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின்கீழ் கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது இப்படி மிஞ்சியிருக்கிற ஈரநிலங்களால்தான்.

இந்த வருட ஏற்பாடு ஏற்கெனவே நடக்கிறது. கொன்றையின் கிளை வெட்டு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குத் தள்ளிப்போடப்பட்டுவிட்டது. மதிலோரம் ரீச்சர் குறிஞ்சா நட்டிருக்கிறார். நீல வரிப்புலிக்கென்று நட்டது, வறைக்கு இலை ஆய்வதற்கு மேல்மாடி மாமி முந்திக்கொள்கிறார். வலைக்கூட்டில் ஒரு நேரத்தில் நாலைந்து மோர்மன் புழுக்களுக்கு மேல் இல்லை. தங்கைக்கு மாதக் கடைசியில் மொட்டைமாடிக் கணக்கு வட்ஸ்அப்பில் போகிறது. கொன்றைக்குக் கீழே கார் விடுகிறவர்தான் இன்னும் சமாதானமாகவில்லை. புழுக்காலத்தில் அவருடைய காருக்கு ஒரு தறப்பாள் வாங்கிக் கொடுப்பதென்று குழு தீர்மானித்திருக்கிறது; காசு பராமரிப்பு நிதியிலிருந்தா, ரீச்சர் கையிலிருந்தா என்பது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.